ஒன்று குறைகிறது: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் ஏழு கடிதங்கள் ஒரே விஷயத்தைப் பற்றியவை. போன இதழில், காணாமற்போன ஆடு, காசு, மகன் என்ற மூன்று உவமைகள் வருகிற லூக்கா 15ஆம் அதிகாரம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "இழந்துபோனவர்களைத் தேடுகிறவர் தேவன், அந்தத் தேடுதலில் மனமுவந்து அவர் கைக்குக் கருவியாவது நம் பங்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துபோகக்கூடிய விஷயம் அல்ல அது. நீங்களும் விடவில்லை, அதில் எனக்கு மகிழ்ச்சி. வேறு கேள்விகள் எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதப் பக்கங்கள் இந்த ஏழு பேருக்கு.

கேள்வி: தேவன் எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர். காணாமற்போனவர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பிறகு இதில் நான் எதற்கு? நாலு பேர் முன்னால் நின்று பேசத் தெரியாதவன் நான். சபையில் "ஊழியம் செய்யுங்கள்" என்று கேட்கும்போதெல்லாம் குற்ற உணர்வோடு வீடு திரும்புகிறேன். (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். செசரியாவில் கொர்நேலியு என்ற நூற்றுக்கு அதிபதி இருக்கிறார். ஜெபிக்கிறவர், தருமம் செய்கிறவர். அவர் வீட்டுக்குள் தேவதூதனே வந்து நிற்கிறான். இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் என் வாசிப்பு நின்றுவிடும். சொல்ல வந்தவன் தூதன், கேட்கக் காத்திருப்பவர் கொர்நேலியு. சுவிசேஷத்தைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் தூதன் அதைச் சொல்லவில்லை. ஒரு முகவரியை மட்டும் கொடுக்கிறான்: யோப்பா பட்டணம், கடலோரம், தோல் பதனிடுகிற சீமோனின் வீடு, அங்கே தங்கியிருக்கிற அப்போஸ்தலன் பேதுரு. சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு. மூன்று பேர் நடந்து போய்ப் பேதுருவை அழைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் நாலு நாளாகிவிடுகிறது.

அந்த நாலு நாளில் யோப்பாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்த பேதுருவுக்கு, தீட்டென்று ஒதுக்கிய மிருகங்களை அடித்துப் புசி என்று சொல்லும் ஒரே காட்சி மூன்று தரம் வருகிறது. அவரோ "அப்படியல்ல, ஆண்டவரே" என்கிறார். அந்நிய ஜாதியான் வீட்டு வாசற்படியை மிதிப்பது தீட்டு என்று வளர்ந்த மனிதர். கொர்நேலியுவைத் தேடிப்போன தேவன், அதே பயணத்தில் பேதுருவுக்குள் அதுவரை திறக்காத ஓர் அறையையும் திறந்துவிட்டார். தூதன் சொல்லி முடித்திருந்தால் கொர்நேலியு கிடைத்திருப்பார். பேதுரு பழைய பேதுருவாகவே அந்த மொட்டைமாடியில் இருந்திருப்பார். தேவனுக்கு நாம் தேவைப்படுவதால் அழைக்கிறாரா என்றால், இல்லை. தகப்பன் வேலைக்குப் போகும்போது பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார். பிள்ளை வந்தால் வேலை தாமதமாகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கூட்டிப்போகிறார்.

பேசத் தெரியாது என்கிறீர்களே, சுவிசேஷம் சொல்லிவந்த பிலிப்பு என்ன பேசினார் என்று அதே புத்தகத்தின் 8ஆம் அதிகாரத்தில் கவனியுங்கள். சமாரியாவில் ஜனக்கூட்டம் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவரை எடுத்து, காசாவுக்குப் போகிற வனாந்தர வழியில் கொண்டுபோய் நிறுத்துகிறார் ஆண்டவர். அங்கே கூட்டம் இல்லை. ஓர் இரதம், அதில் எத்தியோப்பிய மந்திரி ஒருவர். அவர் கையில் ஏசாயாவின் சுருள் ஏற்கனவே விரிந்திருக்கிறது. ஆட்டுக்குட்டியைப் பற்றிய அந்தப் பகுதிக்கே வந்துவிட்டார். வாய்விட்டு வாசித்துக்கொண்டும் இருக்கிறார். பிலிப்பு ஓடிப்போய் ஒரு கேள்வி கேட்கிறார்: "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" தொடக்கம் அவ்வளவுதான். அதற்கு முன்னால் நடக்க வேண்டியவை எல்லாம் நடந்து முடிந்திருந்தன. ஒருவரிடம் நாம் போய்ச் சேரும்போது தேவன் அங்கே நமக்கு முன்னாலேயே வந்திருக்கிறார் என்பதை நான் நாற்பது வருட ஊழியத்தில் மறுபடியும் மறுபடியும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இரதத்தின் பக்கத்தில் ஓடுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

ஊழியம் என்றால் மேடை என்று உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உங்கள் வகுப்பில் இந்த வாரம் வராதவர் யார்? நூறு ஆடு வைத்திருந்தவனுக்கு ஒன்று குறைந்தது எப்படித் தெரிந்தது? எண்ணிப் பார்த்தான். தேடுதல் அங்கே தொடங்குகிறது. எண்ணுவதற்கு வாய் தேவையில்லை.

கேள்வி: "கருவி" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. சுத்தியலைப் போலவும் ரம்பத்தைப் போலவும் மனிதனைப் பயன்படுத்துவது கடவுளுக்கு அழகா? (ஓர் ஆசிரியர்)

பதில்: ஐயா, சொல்லை உரசிப் பார்க்கிற உங்கள் பழக்கம் நல்லது. விசுவாசிகளைத் துன்புறுத்திவந்த, பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலைக் குறித்து ஆண்டவர், தமஸ்கு பட்டணத்தில் இருந்த அனனியா என்ற சீஷனிடம் சொல்லும்போது (அப்போஸ்தலர் நடபடிகள் 9), "நான் தெரிந்துகொண்ட பாத்திரமாயிருக்கிறான்" என்கிறார். பாத்திரம் என்று நாம் படிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது "ஸ்கெவோஸ்" என்ற சொல். பானைக்கும் அதுதான், பணிமுட்டுக்கும் அதுதான். அதே புத்தகத்தின் 27ஆம் அதிகாரத்தில், புயலில் சிக்கிய கப்பலில் இருந்தவர்கள் பாயை இறக்கினார்கள் என்று வருகிற இடத்திலும் அந்தச் சொல்லைத்தான் லூக்கா எழுதியிருக்கிறார். பாத்திரம் உள்ளே இருப்பதைச் சுமக்கிறது. கப்பற்பாய் காற்றை வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து நினைத்தால் சுத்தியல் என்ற படம் கொஞ்சம் மாறும்.

வேதாகமத்தில் மனமில்லாத கருவிகளும் உண்டு. ஏசாயா 10ஆம் அதிகாரத்தில் அசீரியா தேவனுடைய கையில் ஒரு கோடரி. தான் கோடரி என்றே அதற்குத் தெரியாது, பெருமை பேசிக்கொண்டிருக்கிறது. நினிவேக்குப் போகச் சொல்லித் தேவன் அனுப்பிய யோனா தெரிந்தும் ஓடினார், அதே யோப்பா துறைமுகத்துக்குத்தான் போய்க் கப்பல் ஏறினார். கடைசியில் நினிவே பட்டணம் முழுவதும் மனந்திரும்பியது, யோனாவுக்கோ கோபம். வேலை நடந்தது, வேலையின் சந்தோஷத்தில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. அனனியாவைப் பாருங்கள். நேர்த்தெரு, யூதாவின் வீடு என்று முகவரியோடு கட்டளை வருகிறது. சவுல் செய்த கொடுமைகளைப் பற்றித் தான் கேள்விப்பட்டதை எல்லாம் ஆண்டவரிடமே சொல்லிப்பார்க்கிறார். பயம் போனதாக எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் போகிறார்; பார்வையிழந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதன்மேல் கைகளை வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்கிறார். கொல்ல வந்தவனுக்கு அந்தப் பட்டணத்தில் கிடைத்த முதல் உறவுச் சொல் அது. மனமுவந்த கருவி என்று நான் எழுதியபோது என் மனதில் இருந்தவர் அனனியாதான்.

என் தகப்பனார் தச்சர். அவருடைய உளிகளில் ஒன்றின் பிடி அவர் உள்ளங்கையின் வளைவுக்கே தேய்ந்திருந்தது. நான் எடுத்தால் என் கையில் அது உட்காராது. ஐம்பது வருடம் ஒரே கையில் இருந்தால் மரக்கட்டை அப்படி ஆகிவிடுகிறது. கருவி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தப் பிடிதான் நினைவுக்கு வரும். அதனால்தான் எனக்கு அந்தச் சொல் கசக்கவில்லை.

கேள்வி: மற்றவர்களை "இழந்துபோனவர்கள்" என்று சொல்வது அவர்களை இழிவுபடுத்துவது ஆகாதா? என் நெருங்கிய தோழி ஒருத்தி இதைக் கேட்டு மனம் புண்பட்டாள். (ஒரு வாசகி)

பதில்: உங்கள் தோழி புண்பட்டது நியாயம். அந்தச் சொல்லை நாங்கள் பல நேரங்களில் பிரசங்க மேடையிலிருந்து கீழே பார்த்துச் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவரிடம் என் சார்பாக மன்னிப்புக் கேளுங்கள்.

ஆனால் இயேசு அந்தச் சொல்லை யாரிடம் பயன்படுத்தினார்? லூக்கா 15 தொடங்கும்போது, பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்துக்கொண்டிருந்த பரிசேயர்களுக்கும் வேதபாரகர்களுக்கும்தான் அந்த உவமைகளைச் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அவர் விரல் நீட்டிக் காட்டவில்லை. உரிமைக்காரன் இல்லாத பொருளை யாரும் காணாமற்போனது என்று சொல்வதில்லை. காணாமற்போனது என்றால் அதற்கு ஒரு வீடு உண்டு, அதற்காகத் தூங்காமல் இருப்பவர் ஒருவர் உண்டு. பத்து வெள்ளிக்காசில் ஒன்று குறைந்ததும் அந்தப் பெண் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்குகிறாள். காணாமற்போன காசு செல்லாக்காசு ஆகவில்லை. அதன் மதிப்பு அதிலேயே இருக்கிறது. இன்னொன்று: அந்தக் காசு வீட்டுக்குள்ளேயே தொலைந்தது. வெளியே போகாமலேயே தொலைந்துபோகலாம். ஞாயிறு தவறாமல் வருகிறவர்களைப் பற்றியும் இந்த அதிகாரம் பேசுகிறது.

மூன்றாவது உவமையில் ஒரு சின்ன விவரம். பன்றிகளின் நடுவே உட்கார்ந்து "நான் பசியினால் சாகிறேன்" என்கிறானே இளைய மகன், அந்தச் "சாகிறேன்" என்பதற்கும் காணாமற்போனான் என்பதற்கும் மூலமொழியில் ஒரே வினைச்சொல். தான் எங்கே நிற்கிறோம் என்பதை அவனே தன் வாயால் சொல்லிக்கொள்கிறான், பசியோடு. மற்றவர் அவனைப் பார்த்துச் சொன்ன பட்டம் அல்ல அது. தோழியிடம் நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நட்பை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியர். பணியிடத்தில் மதம் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. என் விசுவாசத்தை மறைத்து வாழ்கிறேனோ என்று உறுத்துகிறது. (ஒரு செவிலியர்)

பதில்: சகோதரி, விதியை மதியுங்கள். கட்டிலில் படுத்திருக்கிறவர் எழுந்து போக முடியாதவர். எழுந்து போக முடியாதவரிடம் பிரசங்கம் செய்வது தேடுதல் ஆகாது. உங்கள் கை அவருக்கு வேண்டும். அந்தத் தேவையை வைத்து நாம் எதையும் வாங்கக்கூடாது.

நாகமானின் வீட்டில் இருந்த அந்தச் சிறுபெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள் (2 இராஜாக்கள் 5). சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவள், பெயர்கூட எழுதப்படவில்லை. தன்னைப் பிடித்துக்கொண்டுபோன படையின் தலைவனுக்குத் தொழுநோய் என்று பார்த்து, அவர் சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் நலமாயிருக்கும் என்று எஜமானியிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை அந்த வீடு நம்பியது. அவள் அங்கே எப்படி வேலை செய்திருந்தால் அந்த நம்பிக்கை வந்திருக்கும் என்பதைத்தான் நான் அடிக்கடி யோசிப்பேன். யாராவது உங்களிடம் தாமாகவே கேட்டால், பேதுரு சொல்வதுபோல் சாந்தத்தோடும் வணக்கத்தோடும், விதி அனுமதிக்கிற இடத்தில் பதில் சொல்லுங்கள். கேட்காதவரைக்கும் அவர் பெயரைச் சரியாக நினைவு வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஜெபியுங்கள். இது மறைப்பது அல்ல.

கேள்வி: என் மகன் விசுவாசத்தை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் அழுதேன், வாதாடினேன், வசனங்களை எழுதி அவன் பையில் வைத்தேன். இப்போது போனில் என் குரலைக் கேட்டாலே எரிச்சல்படுகிறான். நான் எங்கே தவறினேன்? இனி என்ன செய்வது? (ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எங்கே தவறினேன் என்று கேட்கிறீர்கள். உவமையில் வருகிற தகப்பன் எங்கே தவறினார் என்று சொல்லுங்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளுமே அவரைப் புரிந்துகொள்ளவில்லை. நல்ல தகப்பனுக்கும் பிள்ளை போகும். நீங்கள் தவறே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாப் பெற்றோரும் செய்கிறோம். ஆனால் ஒன்பது வருடமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உங்களையே நீங்கள் அடித்துக்கொண்டிருப்பதில் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னால் மோனிக்கா என்ற தாய் இதே நிலையில் இருந்தாள். மகன் அகஸ்டின், மணிகேயர் என்ற கூட்டத்தாரோடு சேர்ந்துவிட்டான். அவள் ஒரு பேராயரிடம் போய், என் மகனோடு நீங்கள் பேசி அவன் தவற்றை எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறாள். அவர் மறுத்துவிடுகிறார். அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காக ஜெபி, வாசித்து வாசித்து அவனே கண்டுகொள்வான் என்கிறார். அவள் விடாமல் அழுதபோது, இத்தனை கண்ணீரின் பிள்ளை அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பேராயரும் சிறு வயதில் அதே கூட்டத்தில் வளர்ந்து வெளியே வந்தவர், தெரிந்துதான் சொன்னார். பிறகு 383ஆம் ஆண்டில் மகன் ரோமுக்குக் கப்பல் ஏறப் பார்க்கிறான். அவன் போய்விடக்கூடாது என்று அவள் இரவெல்லாம் ஜெபிக்க, அவளிடம் பொய் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அந்த இரவு ஜெபம் கேட்கப்படவில்லை. ஆனால் கடல் தாண்டிப் போன அந்தத் தேசத்தில்தான், மிலான் நகரத்தில் அம்புரோஸ் என்ற பேராயரின் பிரசங்கத்தை அவன் கேட்டான். 387ஆம் ஆண்டு அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றான். மோனிக்கா அங்கே போய்ச் சேர்ந்து அதைக் கண்ணால் பார்த்தாள். அதே வருடம் இறந்துபோனாள். தன் மகனைத் தேடுவதற்குத் தேவன் வேறொருவரைக் கருவியாக எடுத்தபோது அவளுக்கு அதில் மனவருத்தம் இருக்கவில்லை. தாய்க்கு இது சின்ன விஷயம் அல்ல. உங்கள் மகனிடம் பேசப்போகிறவர் நீங்கள் ஒருபோதும் சந்திக்காத யாரோ ஒருவராக இருக்கலாம். அந்த ஆளுக்காகவும் இன்றே ஜெபிக்கத் தொடங்குங்கள்.

இனி என்ன செய்வது என்பதற்கு என்னிடம் சொந்த அனுபவம் ஒன்றுதான் உண்டு. நானே ஒரு காலத்தில் உங்கள் மகனாக இருந்தவன். 19 வயதில் சபையை விட்டேன். தகப்பனாரோடு பேச்சு நின்றது. என் ஞாயிறு பள்ளி ஆசிரியை மட்டும் மாதம் ஓர் அஞ்சலட்டை போடுவார். ஆறு வருடம் போட்டார். ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. கிழித்துப் போட்டவை போக 41 அட்டைகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்றில்கூட "திரும்பி வா" என்று எழுதவில்லை. "இன்று உன் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். நீ உட்காருகிற இடத்தில் இப்போது இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் உட்காருகிறாள். உன்னைப் போலவே கேள்வி கேட்கிறாள்." இப்படித்தான் இருக்கும். நான் திரும்பி வந்தது அந்த அட்டைகளால்தான் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. வேறு பல காரியங்கள் நடந்தன. ஆனால் வந்துவிட வேண்டும் என்று தோன்றிய அந்த இரவில், எங்கே போவது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போய் நின்றபோது ஆசிரியை இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரட்டைச் சடைப் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் பெயரைச் சொன்னதும், "நாங்கள் ஜெபித்தோமே, அந்த அண்ணனா?" என்று கேட்டாள்.

வசனம் எழுதி வைப்பதை நிறுத்துங்கள், அம்மா. போன் செய்யுங்கள், சுருக்கமாகப் பேசுங்கள், அவன் வேலையைப் பற்றிக் கேளுங்கள். அவன் இடம் காலியாக இல்லை, அவனுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி: முப்பது வருடமாகக் கைப்பிரதி கொடுக்கிறேன், சாட்சி சொல்கிறேன். என் மூலமாக ஒருவர்கூட வந்ததாகத் தெரியவில்லை. (ஓய்வுபெற்ற ஓர் ஊழியர்)

பதில்: 1850ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இங்கிலாந்தில் கோல்செஸ்டர் ஊரில் பனிப்புயல். 15 வயதுப் பையன் ஒருவன், போக நினைத்த ஆலயத்துக்குப் போக முடியாமல் வழியில் இருந்த ஒரு சிறிய மெதடிஸ்ட் ஆலயத்துக்குள் நுழைந்தான். உள்ளே சில பேர்தான் இருந்தார்கள். போதகரும் வரவில்லை. மெலிந்த ஒரு மனிதர் பிரசங்க பீடத்தில் ஏறினார், பெரிய படிப்பு இல்லாதவர். "என்னை நோக்கிப்பாருங்கள், அப்பொழுது இரட்சிக்கப்படுவீர்கள்" என்ற ஏசாயா 45:22ஐயே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அந்தப் பையனை நேராகப் பார்த்து, நீ துயரமாகத் தெரிகிறாய், பார், அவரைப் பார் என்றார். அந்தப் பையன்தான் ஸ்பர்ஜன். பின்னாளில் ஆயிரமாயிரம் பேர் அவர் பிரசங்கத்தைக் கேட்டார்கள். அன்று பீடத்தில் ஏறிய மனிதர் யார் என்பது இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. பனியில் பாதி ஆலயம்கூட நிறையாத ஒரு காலை என்றுதான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆத்தும ஆதாயம் என்பது நீதிமொழிகளில் உள்ள வார்த்தைதான். ஆனால் அதைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றியது நாம். "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று எழுதியவர் பவுல். அவருக்கே விளைச்சலில் உரிமை இல்லை. ஒன்று மட்டும் கேட்க ஆசை, ஐயா. கைப்பிரதி கொடுத்த பிறகு வாங்கியவரின் முகத்தைப் பார்ப்பீர்களா? முப்பது வருடத்தில் அப்படிப் பார்த்த ஒரு முகம் நினைவில் இருந்தால் அதைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நீங்கள் தேடுகிறவர்களுக்கே பதில் எழுதுகிறீர்கள். நான் மறுபக்கத்தில் இருக்கிறேன். இரண்டு வருடமாக நான் சபைக்குப் போகவில்லை. ஒருவரும் வரவில்லை, ஒருவரும் போன் செய்யவில்லை. நான் இல்லாதது யாருக்கும் தெரிந்ததாகவே தெரியவில்லை. (பெயர் எழுதாத கடிதம்)

பதில்: இந்தக் கடிதத்துக்கு நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. சபையின் சார்பில் வெட்கப்படுகிறேன்.

லூக்கா 15இல் ஆட்டைத் தேடி மேய்ப்பன் போனான், காசைத் தேடி அந்தப் பெண் வீட்டைப் பெருக்கினாள். இளைய மகனைத் தேடி மட்டும் ஒருவரும் போகவில்லை. போயிருக்க வேண்டியவன் அண்ணன் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவன் வயலில் இருந்தான், நாள் தவறாமல் வேலை செய்துகொண்டிருந்தான். தம்பி திரும்பி வந்ததையே வேலைக்காரனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். தகப்பனிடம் பேசும்போது "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். தகப்பனோ "உன் சகோதரனாகிய இவன்" என்று திருத்துகிறார். உங்கள் சபையில் உங்களை இன்னும் தேடி வராதவர்கள் கெட்டவர்கள் அல்ல. வயலில் இருக்கிறார்கள். நானும் அப்படி இருந்தேன்.

நான் போதகராக இருந்த சபையில் ஆராதனைக்கு முன்னால் நாற்காலிகளை வரிசைப்படுத்துகிற ஒரு சகோதரர் உண்டு, அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிறு நான் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகுலுக்கி முடிக்கிறவரை காத்திருந்து, "ஐயா, நாலாவது வரிசை ஓர நாற்காலி பதினொரு வாரமாக நான் வைத்த கோணத்திலேயே இருக்கிறது" என்றார். அதில் உட்காருகிறவர் யார் என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்த மாதம் எண்ணிக்கை கூடியிருந்தது. கூடியதால்தான் ஒருவர் குறைந்தது என் கண்ணில் படவில்லை. அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்து, "இவ்வளவு நாள் கழித்தா?" என்று கேட்டார். வேலை போயிருந்தது, காணிக்கைப் பை வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார வெட்கப்பட்டு நின்றுவிட்டார். நான் சொன்ன எதுவும் அவரைத் தொடவில்லை. நாற்காலிச் சகோதரர் அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் சபைக்குத் திரும்பி வரவில்லை. வேறொரு சபைக்குப் போகிறார், சந்தோஷமாக இருக்கிறார். அந்தச் சகோதரரும் அவரும் இன்றும் நண்பர்கள்.

கொர்நேலியுவின் வீட்டுக்கு வந்த தூதனுக்குப் பேதுரு தங்கியிருந்த வீடு தெரிந்திருந்தது. அனனியாவுக்குத் தெருவின் பெயரும் சொல்லப்பட்டது. எனக்கு உங்கள் தெரு தெரியாது. கடிதத்தில் முகவரி இல்லை, உறையில் விழுந்த முத்திரையும் மங்கியிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தும் படிக்க முடியவில்லை. உங்களுக்குச் சம்மதமானால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், அவர்கள் எனக்கு அனுப்பிவிடுவார்கள். வர முடிகிற தூரமாக இருந்தால் வருவேன். இல்லையென்றால் உங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவரை, நீங்கள் சரி என்று சொன்ன பிறகு, அனுப்புவேன். வந்தால் பேசமாட்டேன், கேட்பேன். உங்கள் கடிதத்தை நாற்காலிச் சகோதரருக்கு வாசித்துக் காட்டினேன். தானும் வருவதாகச் சொல்கிறார்.